கண்ட அளவு, வைத்த அளவு

உங்கள் படிவத்தில் ‘பழுதுக்கான காரணம்’ என்ற கட்டத்துக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். படிவம் அச்சடிப்பவர்கள் எங்கேயும் இப்படித்தான். பெயர் எழுத அரைப் பக்கம் தருவார்கள், காரணம் எழுத இரண்டு வரி. அதனால் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஊசி போட்டுக் குத்தியிருக்கிறேன், பிரிக்கும்போது விரல் பத்திரம்.

நேற்று முன்தினம் நீங்கள் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். பம்ப் கம்பெனியின் சர்வீஸ் ஆள் என்று சொன்னீர்கள். ஓரம் உப்புப் பூத்துப்போன ஒரு தாளை மேசையில் வைத்து, “சார், இது உங்க கையெழுத்தா?” என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். “மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் குடுக்கணும். அதுக்கு முன்னாடி நீங்களா ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லுங்க” என்றீர்கள். டீ சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றுவிட்டீர்கள். அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான். சோதனைக்குப் போன கடையில் முப்பத்தொரு வருடமாக ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

என் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. கடைத் தராசு, பெட்ரோல் ஊற்றும் இயந்திரம், மருந்துக்கடையின் குட்டித் தராசு, எதுவானாலும் நான் பார்த்து முத்திரை வைத்தால்தான் செல்லும். இந்த ஊரில் என்னைக் கண்டு எழுந்து நிற்பவர்கள் கறிக்கடைக்காரர்கள் மட்டும்தான். அதுவும் மரியாதையால் இல்லை. அக்கா வீட்டில் என் பெயரே ‘தராசு’. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “எந்தப் பொண்ணைக் காட்டினாலும் நிறுத்துப் பாத்துக்கிட்டே இருந்தான். கடைசியில கடையையே சாத்திட்டாங்க” என்று அக்கா விருந்தாளிகளிடம் சொல்வாள். ஒவ்வொரு முறையும் முதலில் சிரிப்பது நான்தான்.

நீங்கள் மெஷினைப் பார்த்திருக்கிறீர்கள், தொட்டியைப் பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். அக்கா வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், முந்நூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி. அத்தான் வைத்தது. உயிருள்ள பவளங்கள், ஒரு இறால், ஒரு கடல் சாமந்தி, அதற்குள் குடியிருக்கும் ஒரு ஜோடி கோமாளி மீன். கடல் சாமந்தி பார்க்கப் பூ, உண்மையில் பிராணி. மற்றவர்கள் தொட்டால் கொட்டும், அந்த இரண்டு மீனை மட்டும் கொட்டாது. “நம்ம வீட்டுல உங்க அக்கா மாதிரி” என்பார் அத்தான்.

அத்தான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடை, எத்தனை நிமிடம் தாமதம் என்று முப்பது வருடம் ஊருக்கே சொன்ன குரல். வேலை விட்டும் அறிவிப்பு விடவில்லை. மகள் குளிக்கப் போனால், “குளியலறை நோக்கிச் செல்லும் வண்டி இருபது நிமிடம் தாமதமாகத் திரும்பும்” என்பார். நான் வாளியோடு வந்தால், “தராசு விரைவு வண்டி சமையலறை வழியாக வந்துகொண்டிருக்கிறது, நனையாமலிருக்க விரும்புவோர் விலகி நிற்கவும்.”

வாளி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் உங்கள் மேலதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். கடல்நீர்த் தொட்டியில் வாரா வாரம் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, உப்புக் கலந்த புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் நாற்பது லிட்டர் வெளியே, நாற்பது லிட்டர் உள்ளே. இருபது லிட்டர் வாளி, ஆக நாலு நடை. அந்த நீல வாளியில் லிட்டருக்கு ஒரு கோடு நானே வரைந்தேன். சும்மா கடை வாளியை நம்புகிற ஆள் நான் இல்லை. பதினோரு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல் போனேன். காய்ச்சலோடு போயிருக்கிறேன். அப்படி ஒரு ஞாயிறு அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணி மாத்துறதை ஒரு வாரம் தள்ளிவச்சா மீன் உன்மேல கேஸ் போட்டுடுமா?” என்றாள்.  ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று. பேச்சு மொத்தமாகப் போயிற்று. மிஞ்சியது இடது கையும் கண்ணும். அவர் நாற்காலியைத் தொட்டிக்கு நேரே போட்டோம். நான் வாளியைத் தூக்கும்போது அறிவிப்பையும் நானே செய்துகொண்டேன். “தராசு விரைவு வண்டி...” என்று ஆரம்பித்தால் அவர் இடது கையால் நாற்காலிக் கையை இரண்டு முறை தட்டுவார். அதுதான் அவருடைய சிரிப்பு. வேறு யாருக்கும் அவர் தட்டி நான் பார்த்ததில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மருமகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அக்கா மகளைத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளை அந்த வீட்டோடு வந்து தங்கினார். தங்கமான மனிதர், இதை நான் எங்கேயும் சொல்வேன். அத்தானைத் தினமும் காலையில் கட்டிலிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைப்பது அவர்தான். அக்காவால் முடியாது. அத்தான் எழுபத்தெட்டு கிலோ, அதை ஒருமுறை நானே நிறுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மூன்றாவது நடையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வலியை மறைக்க ஒரு ஜோக் அடித்தேன். “மாப்ளே, கம்ப்யூட்டரையே கட்டி மேய்க்கிறீங்க, இந்த வாளியைத் தூக்குறதுக்கு ஒரு மெஷின் கண்டுபிடிக்கக் கூடாதா?”

என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளில் ஒன்றைக்கூட யாரும் சீரியஸாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு போனபோது தொட்டியின் கீழ் அலமாரிக்குள் உங்கள் மெஷின் உட்கார்ந்திருந்தது. இரண்டு சின்னப் பம்புகள். ஒன்று பழைய தண்ணீரை நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றும், மற்றது டிரம்மிலிருந்து உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நிரப்பும். ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் போகும், எட்டு லிட்டர் வரும். வாளி இல்லை, நடை இல்லை, யாருக்கும் இடுப்பு வலி இல்லை. “சர்ப்ரைஸ் மாமா. இனிமே நீங்க ராஜா மாதிரி உக்காந்து பாருங்க” என்றார் மாப்பிள்ளை. பம்ப் மெல்ல உறுமி ஓடியது. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

அத்தான் நாற்காலிக் கையைத் தட்டினார். இரண்டு முறை.

நான் குழந்தை இல்லை. ஒரு மெஷின்மேல் யாரும் பொறாமைப்படுவதில்லை. பதினோரு வருடம் தண்ணீர் சுமந்தவனுக்குத் தட்டிய கை, பதினோரு நிமிடம் ஓடிய பம்புக்கும் அதே இரண்டு தட்டு தட்டியது என்பதை நான் கவனித்தேன், அவ்வளவுதான். கவனிப்பது என் தொழில்.

அன்றைக்கு அக்கா எனக்குக் காபியை விருந்தாளிக் கோப்பையில் கொடுத்தாள். பூப்போட்டது, கீழே தட்டு வைத்தது. நான் எப்போதும் குடிப்பது காது உடைந்த ஒரு பழைய கோப்பையில். சமையலறையில் நின்றபடி, ஈரக் கையோடு குடிப்பேன். இப்போது கூடத்தில் சோபாவில் உட்காரவைத்து, பூப்போட்ட கோப்பை. “சர்க்கரை போதுமாடா?” என்று வேறு கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. தெரியாத ஆளைத்தான் அப்படிக் கேட்பார்கள்.

ஒரு வேலை மட்டும் எனக்கு மிச்சம் வைத்தார்கள். இந்த வகைப் பம்பில் ஓடுவது ஒரு மெல்லிய ரப்பர் குழாய், அது நாளாக ஆகத் தேயும், அளவு மாறும். அதனால் அடிக்கடி அளந்து பார்த்து மெஷினுக்குச் சொல்ல வேண்டும். “அளவு சமாச்சாரம் மட்டும் நீங்கதான் மாமா. உங்க கை பட்டா எனக்கு நிம்மதி” என்றார் மாப்பிள்ளை. உப்புமானியும் என் பொறுப்பு. கைக்கு அடக்கமான ஒரு குட்டித் தொலைநோக்கி மாதிரி இருக்குமே, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று கோடு காட்டும், அதுதான். சரியான அளவு முப்பத்தைந்து. கருவியை என் வீட்டிலேயே வைத்திருந்து ஞாயிறு தோறும் கொண்டுபோவேன். அதன் திருகு என் கையைத் தவிர வேறு கைக்குப் பழக்கமில்லை.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவியைத் தொட்டாலும் இரண்டு எண் எழுத வேண்டும். தொடுவதற்கு முன் அது என்ன காட்டியது என்பது ‘கண்ட அளவு’. தொட்டபின் நாம் அதை எதில் விட்டுவந்தோம் என்பது ‘வைத்த அளவு’. பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. பழக்க தோஷம், உங்கள் மெஷினுக்கும் அப்படி ஒரு தாள் போட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். மேலே நாலு வரிசையைப் பாருங்கள். நாலு ஞாயிறு. வெளியேற்றும் பம்ப் நிமிடத்துக்குக் கண்டது 75 மில்லி, வைத்தது 75. நிரப்பும் பம்ப் கண்டது 75, வைத்தது 75. அந்த நாலு வரிசையில் எந்த நீதிமன்றமும் ஒரு குறை காண முடியாது.

ஐந்தாவது ஞாயிறு நான் போனபோது வீட்டைத் துடைக்கிற அம்மாள் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பானை முக்கிப் பிழிந்த வாளியைப் பார்த்தேன். நீல வாளி. உட்புறம் இருபது கோடுகள். அழுக்குத் தண்ணீர் பதினோராவது கோட்டுக்கும் பன்னிரண்டாவது கோட்டுக்கும் நடுவே நின்றது.

அக்காவிடம் கேட்டேன், சாதாரணமாகத்தான். “அது சும்மாதானேடா கெடந்துச்சு” என்றாள்.

அன்று பிற்பகல் நாலு மணிக்கு நிரப்பும் பம்பை ஒரு நிமிடம் ஓட்டி, அளவு ஜாடியில் பிடித்தேன். எழுபத்தைந்து மில்லி வந்தது. மெஷின் ‘எவ்வளவு வந்தது?’ என்று திரையில் கேட்டது. நூறு என்று அழுத்தினேன்.

அவ்வளவுதான். நான் செய்தது மொத்தமே மூன்று பொத்தான். நிமிடத்துக்கு நூறு வருகிறது என்று நம்பி, நிரப்பும் பம்ப் முக்கால் நேரமே ஓடியது. அதன்பிறகு தினம் எட்டு லிட்டர் உப்புத் தண்ணீர் வெளியே போயிற்று, ஆறு லிட்டர்தான் உள்ளே வந்தது. குறைந்த இரண்டு லிட்டர் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தொட்டியில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு கொடுக்க, பக்கத்தில் நல்ல தண்ணீர் டிரம் ஒன்று தனியாக இருக்கிறது. மட்டம் இறங்கினால் அது தானே நிரப்பும். உப்புத் தண்ணீர் போனதால் இறங்கியதா, ஆவியானதால் இறங்கியதா என்று அதற்குத் தெரியாது. அப்பாவி. நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி எப்போதும் நிறைந்தே இருந்தது. பார்த்தவர்களுக்கு ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

தாளில் அந்த வரிசையையும் எழுதினேன். நிரப்பும் பம்ப், கண்டது 75, வைத்தது 100. பக்கத்தில் கையெழுத்து. நீங்கள் அதைத்தான் முட்டாள்தனம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. பேனாவை எடுத்தால் கண்டதைத்தான் எழுதும். மூன்று மாதம் அந்தத் தாள் கதவில் தொங்கியது. யார் திறந்தாலும் கண்ணில் படும். கையெழுத்தைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்க்கவில்லை. ஆக, நான் எதையும் மறைக்கவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

உப்புமானி விஷயம் வேறு. அதை மறைத்தேன் என்றே சொல்ல வேண்டும். சுத்தமான தண்ணீர் விட்டு, பூஜ்யத்தில் நிறுத்தித்தான் அந்தக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். நான் தொட்டித் தண்ணீரையே ஒரு சொட்டு விட்டு, கோடு முப்பத்தைந்தில் வந்து நிற்கும்வரை திருகைத் திருப்பினேன். முதல் வாரம் ஒன்றரைக் கோடு திருப்ப வேண்டியிருந்தது. போகப் போக அரைக் கோடு போதும். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “கரெக்டா முப்பத்தஞ்சு மாமா” என்பார். அத்தான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, பாவம்.

எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தொட்டிக்குச் சின்னதாக ஏதாவது வரும், மெஷின் சரியில்லை என்பார்கள், வாளியைக் கழுவித் தருவார்கள். அந்த அளவுக்குத்தான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் பவளங்கள் சுருங்கின. திறந்திருக்கும் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, வெறும் கல் மாதிரி. மாப்பிள்ளை எனக்குத் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். “மாமா, வெளிச்சம் அதிகமா இருக்குமோ? தண்ணி சூடாகுதோ?” இருக்கலாம் மாப்ளே என்பேன். நல்ல தண்ணீர் டிரம் சீக்கிரம் காலியாகிறதே என்று ஒருநாள் கேட்டார். கெட்டிக்காரர். வெயில் காலம், ஆவியாகும் என்றேன். உப்புத் தண்ணீர் டிரம் நாள் கணக்கில் கூடுதலாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளிலும் எனக்குப் போன் வருவது அதுதான் முதல் தடவை.

ஆறாவது வாரம் இறால் செத்தது. தோலுரிக்கப் போய், பாதி உரித்தபடியே கிடந்தது. அதைப் பூந்தொட்டியில் புதைத்தது நான்தான். மண்ணைத் தள்ளும்போது மன்னிப்புக் கேட்டேன். ஒரு இறாலிடம் மன்னிப்புக் கேட்கிற ஐம்பத்தாறு வயது அரசு ஊழியனை நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. பவளங்கள் நுனியிலிருந்து வெளுத்தன. ஐந்தாவது ஞாயிறிலிருந்து பன்னிரண்டு வாரம் கடந்தது. உப்பு அப்போது இருபத்தேழு. கருவியில் முப்பத்தைந்து.

நடுவில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு முறை எண்ணைச் சரியாக்கிவிடலாம் என்று அலமாரி முன் மண்டியிட்டேன். முதல் முறை பின்னாலிருந்து அக்கா, “தம்பி, காபி அங்கேயே கொண்டு வரட்டுமா?” என்றாள். காது உடைந்த கோப்பை. அவளே அறியாமல் பழைய கோப்பைக்குத் திரும்பியிருந்தாள். இரண்டாம் முறை மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாமா, அவர் ராத்திரி தூங்கறதே இல்ல. தொட்டி முன்னாடியே உக்காந்திருக்காரு. நீங்க இருக்கும்போதுதான் கொஞ்சம் தைரியமா இருக்காரு” என்றாள். அவள் தலையைத் தடவினேன். என்னைத் தேவைப்படுகிற இடத்தில் விட்டுவிட்டு எப்படி எழுந்து வருவது?

கடைசியில் கடல் சாமந்தி ஒரே நாளில் கரைந்தது. கரைந்தது என்றால் கூழாகிவிட்டது. தண்ணீர் முழுக்கப் பால் போல் கலங்கி நாறியது. அது ஒரு ஞாயிறு. நான் போனபோது சின்னக் கோமாளி மீன் மேலே ஒருக்களித்து மிதந்தது. பெரியது, சாமந்தி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அத்தான் முகம் நனைந்திருந்தது. கண்ணீரைத் துடைக்க அவருக்கு இடது கை போதும், துடைக்கவில்லை.

அக்கா அதுவரை அடக்கி வைத்திருந்ததை மாப்பிள்ளையிடம் கொட்டிவிட்டாள். “பதினோரு வருஷம் என் தம்பி வாளியில தூக்கினான். ஒரு உசுரு போகல. நீங்க வந்து பட்டனைத் தட்டினீங்க, நாலே மாசம்.”

“அத்தை, அளவெல்லாம் சரியாத்தான்...” என்று ஆரம்பித்து அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வருவேன் என்று நினைத்திருப்பார்.

அப்போது அத்தான் இடது கையைத் தூக்கினார். விரல் நீட்டி என்னைக் காட்டினார். பிறகு அலமாரிக் கதவைக் காட்டினார். அந்தத் தாள் இருந்த கதவை. மறுபடி என்னை. மறுபடி கதவை. 

அக்கா கேட்டாள், “என்னடா சொல்றாரு?”

பேச்சு போனதிலிருந்து அவர் கையசைவுக்கு அர்த்தம் சொல்வது நான்தான். வீட்டில் எல்லோருக்கும் அது பழக்கம். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். ஒரு நொடி, எடை போடும்போது முள் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் நடுங்குமே, அப்படி ஒரு நொடி. பிறகு சொன்னேன்:

“அந்த மெஷினைத் தூக்கிட்டு, பழையபடி என்னையே செய்யச் சொல்றாருக்கா.”

அத்தான் தலையை ஆட்டினார். வேகமாக. பக்கத்து ஸ்டூலில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். “சரி அத்தான், சரி. எடுத்திடலாம். கோபப்படாதீங்க” என்று அவர் கையைப் பிடித்து மடியில் வைத்தேன். மறுபடி தூக்கப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். நல்ல பலம் அந்தக் கையில், இப்போதும்.

“பாத்தீங்களா, அவருக்கே தெரியுது” என்றாள் அக்கா.

 மாப்பிள்ளை குனிந்து மெஷினைக் கழற்றினார். குழாய், பம்ப், கதவில் இருந்த தாள், எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டார். தாளையும் பார்த்துதான் போட்டார், படிக்கவில்லை. அடுத்த மாதம் அவரும் மருமகளும் தனி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். என்னிடம் வந்து, “ஸாரி மாமா. உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சு உங்க தொட்டியையே அழிச்சிட்டேன்” என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நிஜம், இதை நீங்கள் நம்ப வேண்டும். பெட்டியை அவர் உங்களுக்கு அனுப்புவார் என்று அப்போது நினைக்கவில்லை. தன் தவறு என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் அனுப்பினார் என்று நீங்கள் சொன்னீர்கள். தங்கமான மனிதர் என்று முன்பே சொன்னேன்.

இப்போது உங்கள் இரண்டு வரிக்கு வருகிறேன். மெஷினில் குறை இல்லை. அமைத்தவரிடம் குறை இல்லை. நிரப்பும் பம்பின் அளவை வேண்டுமென்றே தவறாகப் பதித்ததும், உப்புமானியை வாரா வாரம் பொய்யாகத் திருப்பியதும், பேச முடியாத ஒரு மனிதர் சொன்னதை மாற்றிச் சொன்னதும் நான். காரணத்தில் ‘சரிபார்த்தவரின் கவனக்குறைவு’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

தொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். உப்பைச் சிறிது சிறிதாக ஏற்றி முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், இது சரியான முப்பத்தைந்து. இரண்டு பவளம் பிழைத்திருக்கிறது. பெரிய கோமாளி மீன் ஒரு மூலையில் இருக்கிறது. வாளியைச் சோப்புப் போடாமல் ஏழு தண்ணீரில் கழுவி எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை போனபிறகு அத்தானைத் தூக்க ஆள் இல்லை. ஆறு நாளும் கட்டிலில்தான். கட்டிலில் இருந்து பார்த்தால் கூடத்துச் சுவரின் விளிம்புதான் தெரியும். ஞாயிறு நான் போய்த்தான் அவரைத் தூக்கி நாற்காலியில் வைக்கிறேன். எழுபத்தெட்டு கிலோ இப்போது அறுபத்தாறு. நிறுக்கவில்லை, கை சொல்கிறது. உங்கள் ரிப்போர்ட் போனால் மாப்பிள்ளை திரும்பி வருவார், தினமும் தூக்குவார். வரட்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரே ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை என்றீர்கள். நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது. அதை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

அத்தானுக்கும் அது பிடிக்கும். இப்போதும் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு “தராசு விரைவு வண்டி” என்று ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நாலு நடையும் முடித்து, தரையைத் துடைத்து, நான் வெளியே வந்து கதவைச் சாத்தும்வரை திறப்பதில்லை. வேறு யார் முன்னாலும் அவர் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.